சன்சிபாரில் இருந்து வந்த அகதிப் பிள்ளை

புத்தாண்டு மலருக்கு ஒரு பிரபலமானவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தாருங்கோ என்று மலர்க்குழுத் தம்பிமார் கேட்டார்கள். வழமையாக இப்படிக் கேட்டால் ஆறுமுக நாவலரைப் பற்றியோ, விபுலானந்த அடிகளைப் பற்றியோ, தனிநாயகம் அடிகளைப் பற்றியோ எழுதுவதுதான் முறை. அவர்களைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எங்கள் அஜக்ஸிலேயே பலர் இருக்கிறார்கள். ஆகவே இந்த முறை நான் எழுதப் போவது ஒரு ஆங்கிலப் பாட்டுக்காரனைப் பற்றி. பெரிய மீசையும் முன்தள்ளிய பல்லுமாக, அரைக் கம்பு மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் துள்ளித் திரிந்த பிறெடி மேர்க்குரியைப் பற்றி.

சில பெரியவர்கள் முகம் சுளிப்பினம் எண்டு எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கோ. இது எங்கடை கதைக்கு மிகவும் கிட்டின கதை.

கராம்புத் தீவு

கிழக்கு ஆபிரிக்கக் கரையோரத்தில் சன்சிபார் என்றொரு தீவு. கராம்புக்குப் பேர் போன இடம். 1946ஆம் ஆண்டு செப்ரெம்பர் 5ஆம் திகதி அங்கே பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் வைத்த பெயர் பாறூக் புல்சாரா. தகப்பன் பொமி, தாய் ஜெர். இவர்கள் பார்சிகள். ஆயிரம் வருடங்களுக்கு மேலாக ஈரானை விட்டு இந்தியாவின் குஜராத் கரைக்கு வந்து குடியேறிய சொராஸ்திர சமயத்தவர்களின் வழி வந்தவர்கள். குஜராத்தில் உள்ள புல்சார் என்ற ஊரின் பெயர்தான் குடும்பப் பெயராக ஒட்டிக் கொண்டது.

தகப்பன் பிரித்தானிய அரசாங்கத்தின் கீழ் சன்சிபார் நீதிமன்றத்தில் காசாளர். எங்கள் அப்புமாரும் பேரன்மாரும் கோட்டும் தலைப்பாகையுமாக மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளறிக்கல் வேலைக்குக் கப்பல் ஏறிப் போனார்கள் அல்லவா? அதே மாதிரிக் குடும்பம் என்று வைத்துக் கொள்ளுங்கள். வெள்ளைக்காரனுடைய கந்தோரில் உத்தியோகம், வீட்டில் மரியாதை, பிள்ளைக்கு நல்ல படிப்பு. உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் உத்தியோக வீடுகள் ஒரே மாதிரித்தான்.

நல்ல படிப்புக்காகத்தான் எட்டு வயதுப் பிள்ளையைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பம்பாய்க்குத் தெற்கே, மலைப் பக்கத்தில் பஞ்ச்கனி என்ற ஊர். அங்கே சென்ற் பீற்றர்ஸ் பாடசாலை விடுதி. எட்டு வயதில் தாய் தகப்பனைப் பிரிந்து விடுதியில் வளர்வது எவ்வளவு கஷ்டம் என்று யுத்தகாலத்தில் பிள்ளைகளைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்பிய எங்கள் தாய்மாருக்குச் சொல்லத் தேவையில்லை. விடுமுறைக்கும் வீட்டுக்குப் போக வசதிப்படாத நேரங்களில் பம்பாயில் இருந்த உறவினர் வீட்டில் நிற்பது. பாறூக் என்ற பெயர் பிறெடி ஆனது அந்த விடுதியில்தான்.

அங்கேதான் பியானோவும் பழகினார். 1958இல் ஐந்து மாணவர்கள் சேர்ந்து த ஹெக்ரிக்ஸ் என்று ஒரு இசைக்குழு தொடங்கினார்கள். அதில் பிறெடி பியானோ வாசித்தார். முன்னுக்கு நின்று பாடியது வேறொரு பையன். கிளிவ் றிச்சாட், லிற்றில் றிச்சாட் பாட்டுக்களைப் பார்த்துப் படிப்பதுதான் அவர்களின் வேலை. அந்தக் கிளிவ் றிச்சாட்டும் 1940இல் இந்தியாவின் லக்னோவில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ஆங்கிலப் பாட்டின் வேரைத் தோண்டினால் எங்கடை பக்கத்து மண் கொஞ்சம் ஒட்டிக் கொண்டுதான் வருகிறது. அந்தக் காலத்தில் இந்தியா முழுக்க இளம்பிள்ளைகள் இந்திப் பாட்டுக்கும் ஆங்கிலப் பாட்டுக்கும் றேடியோ முள்ளைத் திருப்பியது எங்கள் இலங்கை வானொலிப் பக்கம்தான் என்பதையும் இதில் பெருமையோடு சொல்லி வைக்கிறேன்.

ஓடி வந்த வருடம்

படிப்பை முடித்துக் கொண்டு 1963இல் பிறெடி சன்சிபாருக்குத் திரும்பினார். அந்த வருடம் டிசெம்பர் 10ஆம் திகதி சன்சிபாருக்குச் சுதந்திரம் கிடைத்தது. ஒரு மாதம்தான் கழிந்தது. 1964 ஜனவரி 12ஆம் திகதி அங்கே புரட்சி வெடித்தது. ஆட்சியில் இருந்த அராபியர் மீதும், கடை வைத்திருந்த இந்தியர் மீதும் தாக்குதல்கள் நடந்தன. ஆயிரக்கணக்கான சனம் கொல்லப்பட்டது. கடைகள் கொள்ளை போயின. நேற்று வரை அயலவராக இருந்தவர்கள் இன்று அந்நியராகி விட்டார்கள்.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு 1958, 1977, 1983 எல்லாம் நினைவுக்கு வந்தால் அது என் குற்றமல்ல. சுதந்திரம் கிடைத்த நாடுகளில் சிறுபான்மையாக இருந்த பலருக்கும் கிடைத்த பரிசு அது.

புல்சாரா குடும்பம் தாய், தகப்பன், பிறெடி, தங்கச்சி கஷ்மீரா என்று நாலு பேராகக் கையில் எடுக்கக் கூடிய சாமான்களோடு இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குக் கிட்ட பெல்தம் என்ற இடத்தில் ஒரு சின்ன வீடு. சன்சிபாரில் வேலைக்காரரோடு வாழ்ந்த குடும்பம் இங்கே தாயும் தகப்பனும் இரண்டு பேரும் வேலைக்குப் போய்த்தான் வாழ வேண்டும். பிறெடிக்கு அப்போது பதினேழு வயது. அவரும் சும்மா இருக்கவில்லை. விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் வேலையும் செய்தார். பியர்சன் விமான நிலையத்தில் இரவு வேலை செய்து குடும்பத்தை நிமிர்த்திய எங்கள் ஆக்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

பிள்ளை எஞ்சினியராக வேண்டும், எக்கவுண்டன்ற் ஆக வேண்டும் என்று எந்த அகதிக் குடும்பம்தான் நினைக்காது? இந்தப் பிள்ளையோ முதலில் ஐல்வேர்த் பொலிரெக்னிக்கில் சித்திரம் படித்துவிட்டு, பிறகு ஈலிங் கலைக் கல்லூரிக்குப் போய் 1969இல் வரைகலையில் பட்டயம் பெற்று வெளியே வந்தார். படம் கீறுவது, பாட்டுக் கேட்பது, ஜிமி ஹென்றிக்ஸின் கிற்றாரில் மயங்கிப் போவது, இதுதான் அந்தக் காலம். பிறகு கென்சிங்ரன் சந்தையில் றோஜர் ரெய்லர் என்ற நண்பரோடு சேர்ந்து பழைய உடுப்பு விற்கிற ஒரு சின்னக் கடையும் வைத்திருந்தார்.

அந்த நாட்களில் இங்கிலாந்தில் மண்ணிறத் தோலோடு தெருவில் நடப்பது லேசான காரியமல்ல. 1968 ஏப்ரல் 20ஆம் திகதி ஈனொக் பவல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், குடியேறி வருபவர்களால் நாடு நாசமாகப் போகிறது என்ற கருத்தில் பேர்மிங்ஹாமில் ஒரு பேச்சுப் பேசினார். அந்தத் திகதியை மனதில் வைத்திருங்கள். பிறகு திரும்ப வருவேன்.

நாலு பேர்

1970 ஏப்ரலில் பிறையன் மே, றோஜர் ரெய்லர் என்ற இருவரோடு பிறெடி சேர்ந்தார். பிறையன் மே பௌதிகம் படித்த மாணவன். தகப்பனும் மகனும் வீட்டில் தாங்களாகவே செய்த கிற்றாரைத்தான் அவர் வாசித்தார். குழுவுக்குக் குயீன் என்று பெயர் வைத்தது பிறெடி. அடுத்த வருடம் ஜோன் டீக்கன் வந்து சேர நாலு பேரானார்கள். கலைக் கல்லூரிப் படிப்பு வீண் போகவில்லை. நாலு பேரின் ராசிகளையும் வைத்து இரண்டு சிங்கம், ஒரு நண்டு, இரண்டு தேவதைகள், மேலே சாம்பலில் இருந்து எழும்பும் பீனிக்ஸ் பறவை என்று குழுவின் சின்னத்தைக் கீறியதும் அவர்தான். எங்கள் சாதகக் குறிப்பு மாதிரி!

1975இல் பொஹீமியன் ரப்சொடி வந்தது. வானொலியில் மூன்று நிமிடப் பாட்டுக்களே ஓடிக் கொண்டிருந்த காலத்தில் இது ஏறக்குறைய ஆறு நிமிடம். ஒபெரா என்ற மேல்நாட்டுச் சங்கீத நாடகமும் றொக் இசையும் ஒன்றாகக் கலந்த பாட்டு. ஒரே குரல்களைத் திரும்பத் திரும்பப் பதிந்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி, மூன்று பேரை நூறு பேர் போலக் கேட்க வைத்தார்கள். இவ்வளவு நீளப் பாட்டை எந்த வானொலி போடும் என்று பலர் தலையை ஆட்டினார்கள். அது பிரித்தானியாவில் ஒன்பது வாரம் முதலாம் இடத்தில் நின்றது.

யாழ்ப்பாணத்தில் பெல்பொட்டம் காலம்

எனக்கு அப்போது பதினாறு வயது. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தை இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். யுத்தம், ஷெல், பங்கர் என்றுதான் அவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தி எங்களுக்கும் ஒரு இளமைக் காலம் இருந்தது. நிலத்தைக் கூட்டுகிற மாதிரி பெல்பொட்டம், காதை மூடிய தலைமயிர், நாய்க்காது மாதிரிக் கொலர். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிற்றாரோடு தமிழில் பொப் பாட்டுப் பாடி ஊரைக் கலக்கிய காலம். கலியாண வீட்டு லவுட்ஸ்பீக்கரில் சீர்காழியின் பக்திப் பாட்டு முடிய பொப் பாட்டு வரும். பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் நிற்பாட்டச் சொல்ல மாட்டார்கள்.

ஆங்கிலப் பாட்டுக் கேட்க வழி இரண்டு. ஒன்று, இலங்கை வானொலியின் ஆங்கில சேவையும் சிற்றலையில் வரும் பி.பி.சி.யும். மழை நாளில் இரைச்சல் பாதி பாட்டுப் பாதி. மற்றது பட்டினத்து ரெக்கோடிங் பார். வெறும் கசற்றையும் பாட்டு லிஸ்ற்றையும் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு கிழமையால் பதிந்து தருவார்கள். ஒரு கசற்றில் முதல் பக்கம் எம். எஸ். விஸ்வநாதன், மறுபக்கம் பீற்றில்ஸும் குயீனும். நாடா சிக்கினால் பென்சிலை ஓட்டைக்குள் விட்டுச் சுற்றுவது. கொழும்பில் படித்த அண்ணைமார் லீவுக்கு வரும்போது கொண்டு வரும் ஒரு கசற் பத்து வீடு சுற்றி வரும்.

பாட்டின் வசனம் எங்களில் ஒருவருக்கும் சரியாக விளங்காது. ஆனால் அந்தக் குரல் மேலே ஏறும்போது எங்கள் நெஞ்சும் ஏறும். அந்த நீளப் பாட்டுக்குள் பிஸ்மில்லாஹ் என்று ஒரு சொல் வருகிறது என்று எங்கள் வகுப்பில் முதலில் கண்டுபிடித்தது ஒரு முஸ்லிம் நண்பன். நாங்கள் நம்பவில்லை. இங்கிலீஷ்காரனின் பாட்டில் எப்படி அரபுச் சொல் வரும் என்று அவனோடு சண்டை பிடித்தோம். பாடுகிறவன் முஸ்லிம்களும் இந்துக்களும் பார்சிகளும் அடுத்தடுத்து வாழ்ந்த ஒரு தீவில் பிறந்த பிள்ளை என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்போம்!

அந்தக் காலம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1981இல் நூல் நிலையம் எரிந்தது. 1983க்குப் பிறகு நீளத் தலைமயிரோடு தெருவில் போகிற பெடியனை ஜீப் நிறுத்தி விசாரிக்கிற காலம் வந்துவிட்டது. கிற்றார் வாசித்த கைகள் பல வேறு வேறு திசைக்குப் போயின. கசற்றுகள் வீட்டோடு போயின.

பெயரும் ஊரும்

குழு தொடங்கிய காலத்திலேயே பிறெடி புல்சாரா பிறெடி மேர்க்குரி ஆகிவிட்டார். சன்சிபாரைப் பற்றியோ பஞ்ச்கனியைப் பற்றியோ பேட்டிகளில் பேசுவது மிகக் குறைவு. அவரின் பாட்டைக் கேட்ட கோடிக்கணக்கான பேரில் பெரும்பாலானோர் அவரை வெள்ளைக்காரர் என்றே நினைத்தார்கள்.

2018இல் அவரைப் பற்றிய படம் வந்த பிறகு எங்கள் பேத்தி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, ஏன் அப்பப்பா இவர் தன் பெயரை ஒளித்தவர் என்று கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. இந்த நாட்டில் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது எங்களில் எத்தனை பேர் பெயரை வெட்டிக் குறுக்கி எழுதினோம்! சிவபாலசுந்தரம் சிவா ஆனார். யோகேஸ்வரன் ஜோ ஆனார். அது வெட்கத்தால் மட்டுமல்ல, கதவு திறக்க வேண்டுமே என்பதற்காக. நாங்கள் குடியிருக்கும் அஜக்ஸே உலக யுத்த காலத்தில் ஒரு போர்க்கப்பலிடம் பெயர் வாங்கிய ஊர்தானே.

ஆனால் ஒன்று. பெயரை மாற்றினாலும் வீட்டை அவர் விடவில்லை. உலகம் முழுக்கப் பாடித் திரிந்தவர் பெல்தமில் இருந்த அந்தச் சின்ன வீட்டுக்குத் தாயின் கைச்சாப்பாட்டுக்காக வந்து போனார். மேல்வாயில் நாலு பல்லு மேலதிகமாக இருந்து முன்தள்ளியதைக் கூட அவர் திருத்தவில்லை. திருத்தினால் குரல் மாறிவிடும் என்ற பயம். குரலுக்காக முகத்தின் குறையைச் சுமந்தவர்.

அவரைப் புகழ மட்டும் நான் வரவில்லை. 1984இல் குயீன் குழு தென்னாபிரிக்காவின் சண் சிற்றியில் போய்ப் பாடியது. நிறவெறி ஆட்சிக்கு எதிராக ஐக்கிய நாடுகள் சபை கலைஞர்களை அங்கே போக வேண்டாம் என்று கேட்டிருந்த காலம். இனத்தின் பெயரால் துரத்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளை அங்கே போயிருக்கக் கூடாது. குழுவுக்குக் கண்டனமும் தண்டமும் கிடைத்தன. நியாயம்தான். அகதியாக வந்தவனுக்கு மற்றவனின் துன்பம் தானாக விளங்கிவிடும் என்று நினைப்பது பிழை. அதையும் பழகத்தான் வேண்டும்.

ஒரே நாளில் இரண்டு மேடை

1985 ஜூலை 13ஆம் திகதி. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி சேர்க்க லண்டன் வெம்பிளி மைதானத்தில் லைவ் எயிட் நிகழ்ச்சி. மைதானத்தில் 72,000 பேர். செய்மதி வழியாக உலகம் முழுக்கப் பார்த்துக் கொண்டிருந்தது. குயீனுக்குக் கிடைத்தது இருபது நிமிடம்தான். பிறெடி வெள்ளைப் பெனியனோடு ஓடி வந்து பியானோவில் இருந்தார். பிறகு எழும்பி நின்று தன் குரலால் ஒரு இழுப்பு இழுக்க, அந்த 72,000 பேரும் திருப்பிப் படித்தார்கள். எங்கள் கோயில் பஜனையில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வதில்லையா, அதே முறை. நான் அதைப் பார்த்தது பல வருடம் கழித்து, ரொறொன்ரோவில், வீடியோக் கசற்றில்.

அதே நாளில்தான் பூட்டான் நாட்டின் திம்புவில் தமிழர் பிரதிநிதிகள் நாலு கோட்பாடுகளை முன்வைத்தார்கள். எங்கள் வயதுப் பெடியளுக்கு அன்று காது திம்புப் பக்கம்தான். வெம்பிளிப் பக்கம் இல்லை.

அடுத்த வருடம் 1986 ஓகஸ்ற் 9ஆம் திகதி இங்கிலாந்தின் நெப்வேர்த்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சனத்தின் முன் பிறெடி குயீனோடு பாடினார். அதுவே அவர்களோடு பாடிய கடைசி மேடை. அதற்கு இரண்டு நாள் கழித்து, ஓகஸ்ற் 11ஆம் திகதி, நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கனடிய மீனவர்கள் காப்பாற்றினார்கள். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் என் மனதில் அந்தக் கிழமை இரண்டையும் சேர்த்துத்தான் நிற்கிறது.

கனடாவும் அவர் கால் பட்ட இடம்தான். 1981 நவம்பர் 24, 25ஆம் திகதிகளில் மொன்றியல் போறத்தில் அவர்கள் பாடியதைப் படமாக்கினார்கள். இன்றும் பார்க்கலாம். ரொறொன்ரோவில் அவர்கள் பாடிய மேப்பிள் லீவ் கார்டன்ஸ் இப்போது லொப்லோஸ் கடையாக இருக்கிறது. அங்கே மரக்கறி வாங்கப் போகிறவர்கள் அடுத்த முறை ஒருக்கால் மேலே அண்ணாந்து பாருங்கோ.

கடைசி நாட்கள்

இனிச் சொல்வது எங்கள் சமூகம் சத்தமாகப் பேசாத விடயம். பிறெடி ஆண்களை நேசித்தவர். எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டது. மெலிந்து, நடக்க முடியாத நிலையிலும் ஸ்ரூடியோவுக்குப் போய்ப் பாடிக் கொண்டே இருந்தார். பத்திரிகைக்காரர் வாசலில் காவல் கிடந்தார்கள். 1991 நவம்பர் 23ஆம் திகதிதான் தனக்கு எயிட்ஸ் என்று உலகத்துக்கு அறிவித்தார். அடுத்த நாள், 24ஆம் திகதி இரவு, லண்டனில் தன் வீட்டில் காலமானார். மொன்றியல் மேடைக்குச் சரியாகப் பத்து வருடம். வயது 45.

தாயும் தகப்பனும் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆழமான சமயப் பற்றுள்ள குடும்பம். ஊர் என்ன சொல்லும், சனம் என்ன கதைக்கும் என்று அவர்கள் பிள்ளையைக் கைவிடவில்லை. சொராஸ்திரக் குருமார் வந்து, பழைய அவெஸ்தா மொழியில் மந்திரம் ஓதி, மேற்கு லண்டன் தகன மண்டபத்தில் கிரியை நடந்தது. மேர்க்குரியாக உலகம் சுற்றியவர் புல்சாராவாகப் போனார். தகப்பன் 2003இலும், தாய் 2016இலும் காலமானார்கள். அதே 2016இல் பெல்தம் வீட்டுச் சுவரில் நீல நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. அகதியாக வந்து இறங்கிய வீடு இன்று பாதுகாக்கப்படும் வரலாறு.

அந்த நாளில் அந்த நோய்க்கு நல்ல மருந்து இருக்கவில்லை. 1996 அளவில் கூட்டு மருந்துகள் வந்தன. இன்று ஒழுங்காக மருந்து எடுக்கிறவர் மற்றவர்களைப் போல நீண்ட காலம் வாழலாம். இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தால் உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. மருந்து வந்துவிட்டது. வெட்கம்தான் இன்னும் போகவில்லை.

1992இல் வெம்பிளி மைதானத்தில் 72,000 பேர் திரண்டு அவருக்கு அஞ்சலி செலுத்தினார்கள். அதில் சேர்ந்த பணத்தில் மேர்க்குரி பீனிக்ஸ் அறக்கட்டளை தொடங்கி எயிட்ஸ் ஒழிப்புக்கு இன்றும் உதவுகிறது. அந்த அஞ்சலி நடந்த திகதி ஏப்ரல் 20. ஈனொக் பவல் பேசிய அதே திகதி, சரியாக 24 வருடம் கழித்து. வந்தேறிகளால் நாடு கெடும் என்று சொன்ன நாட்டிலே, ஒரு வந்தேறிப் பிள்ளைக்காக அந்த நாட்டுச் சனம் கண்ணீர் விட்டது.

எங்கள் பிள்ளைகள்

எங்கள் சங்கத்தின் கலைவிழாக்களில் பரதமும் மிருதங்கமும் வயலினும் நடக்கின்றன. நடக்கத்தான் வேண்டும். அதோடு கூட, நிலவறையில் கதவைப் பூட்டிக்கொண்டு கிற்றார் வாசிக்கிற பிள்ளைக்கும் அடுத்த விழாவில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கோ என்று நிர்வாகத்தினரை அன்போடு கேட்டுக் கொள்கிறேன். பாட்டு விளங்காவிட்டாலும் முன்வரிசையில் இருந்து கைதட்டுங்கோ. எங்கள் பெரியவர்களும் பெல்பொட்டம் காலத்தில் எங்களை அப்படித்தான் பொறுத்தார்கள்.

எங்கள் பிள்ளையளில் சிலர் பெயரைச் சுருக்குவினம், சிலர் நாங்கள் நினைக்காத வழியில் போவினம், சிலர் நாங்கள் நினைக்காத ஆளை நேசிப்பினம். வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும். பொமி புல்சாராவும் ஜெர் புல்சாராவும் திறந்து வைத்தார்கள். அவர்களின் மகன் எங்கு போனாலும் திரும்பி வந்து சாப்பிட ஒரு வீடு இருந்தது.

அஜக்ஸ் வாழ் தமிழ் உறவுகள் அனைவருக்கும் என் இதயம் கனிந்த சித்திரைப் புத்தாண்டு நல்வாழ்த்துக்கள்.